டாக்டர் கொடுக்க மறுத்த அட்டை

சிரம்பானில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எனக்குச் சட்டம் தெரிந்துவிட்டது என்று நம்பத் தொடங்கியிருந்தேன். உண்மையில் தெரிந்தது சட்டத்தின் சத்தம் மட்டும்தான். ‘இதன் மூலம் அறிவிப்பது யாதெனில்’, ‘தவறும் பட்சத்தில்’ என்று நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அம்பாங்கானில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறையில் தண்ணீர்க் குழாய் ஒழுகியபோது வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். அவர் கீழ்வீட்டில்தான் இருந்தார். படித்துப் பார்த்துவிட்டு மேலே வந்து, குழாயைத் தானே இறுக்கித் திருகிவிட்டு, அடுத்த முறை படியில் நின்று கூப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் இப்படி இருந்த நேரத்தில்தான் அம்மாவின் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. அம்மா கோலா சாவா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து வேலியை ஒட்டிய கம்பத்தில், அதாவது ஒரு சின்னக் கிராமத்தில், இருந்தாள். அப்பா லோரி ஓட்டியவர். நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே இறந்துபோய்விட்டார். அம்மா கண்ட்ராக்டரிடம் கூலிக்குச் சேர்ந்து அந்தத் தோட்டத்தில் புல் வெட்டினாள், மருந்தடித்தாள். வேலிக்கு உள்ளே, லயத்து வீட்டில், அப்பாவின் அக்கா இருந்தாள். என் அத்தை. அத்தை கண்ட்ராக்ட் ஆள் இல்லை, தோட்டத்தின் சொந்த வேலைக்காரி. பால் எடுக்க ரப்பர் மரம் சீவியவள்.

அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் ஒரு ஆடு என்று நான் நினைத்திருந்தேன். அத்தையின் ஆடு வேலி தாண்டி வந்து, கொடியில் காய்ந்த அம்மாவின் தீபாவளிச் சேலையில் முந்தானையை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்றுவிட்டது. ஆட்டின் வளர்ப்பைப் பற்றி அம்மா ஏதோ சொல்ல, அம்மாவின் வளர்ப்பைப் பற்றி அத்தை ஏதோ சொல்ல, அன்றோடு பேச்சு நின்றது. ஒரு முந்தானைக்கு இத்தனை வருடக் கோபம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் கோபத்துக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை, அதனால் நான் மேற்கொண்டு ஆராயவில்லை.

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன், இதற்கு முன்பு ஏதாவது மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். தமிழ்ப் பையன், சின்ன வயது. அம்மா சந்தோஷமாகிவிட்டாள். அவளுக்குச் சொல்லப் பிடித்த கதை அது. தோட்டத்துக் கிளினிக்கில் ஒரு முறை காய்ச்சலுக்கு மருந்து வாங்கி, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மூச்சு நின்று, கண் இருண்டு, எமன் வாசல்வரை போய்த் திரும்பிய கதை. எமன் வீட்டு வாசலை அம்மா வர்ணித்து முடிக்கும்வரை அந்த டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, என்ன மருந்து அது என்றார்.

“வெள்ளையா இருக்கும்” என்றாள் அம்மா.

அன்றைக்கு அவளுக்கு ஊசி, மாத்திரை, குடிக்கிற மருந்து எல்லாமே கொடுத்திருந்தார்கள். எது ஆகாமல் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆபரேஷன் புண் சீழ் பிடிக்காமல் இருக்கக் கொடுக்கிற மருந்தே அதுவாக இருந்தால் அம்மா மறுபடியும் அந்த வாசலுக்குப் போகவேண்டி வரும், இந்தத் தடவை திரும்பி வருவாள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். பழைய அட்டையில் கட்டாயம் எழுதியிருப்பார்கள், மருந்தின் பெயரைக் கொண்டுவாருங்கள், நாள் குறித்துவிடலாம் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்குப் பசியாக இருந்தது.

தோட்டத்துக் கிளினிக்கை அந்தக் காலத்தில் நடத்தியவர் டிரெசர். காயம் கட்டுவது, ஊசி போடுவது, பல் பிடுங்குவது எல்லாம் அவர்தான். படித்த டாக்டர் எப்போதாவது சிரம்பானிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து மேற்பார்வை பார்த்துவிட்டுப் போவார். டிரெசர் ஓய்வு பெற்றதும் தோட்டம் அந்தக் கிளினிக்கை மூடிவிட்டது. நோயாளிகளின் அட்டைகளை டாக்டர் சிரம்பானில் இருந்த தன் சொந்தக் கிளினிக்குக்கு எடுத்துப் போய்விட்டார். அவர் சீனர். தோட்டங்களில் நோயாளிகளிடமே தமிழ் கற்றுக்கொண்டவர். அவருடைய தமிழில் உடம்பின் எல்லா உறுப்புகளும் உண்டு, எல்லா வலிகளும் உண்டு, வேறு எதுவும் கிடையாது. வணக்கம் சொல்லும் இடத்தில் “எங்க வலிக்குது” என்பார்.

அம்மாவை அவரிடம் கூட்டிப்போனேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அம்மா ஒரு நம்பரை மளமளவென்று சொன்னாள். தோட்டத்தில் ஆளுக்கொரு வேலை நம்பர் உண்டு, அட்டைகளும் அந்த நம்பர் வரிசையில்தான் இருந்தன. அந்தப் பெண் தடித்த பழுப்பு அட்டை ஒன்றை உருவிக்கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தாள். டாக்டர் அட்டையைப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். பிறகு அதை மூடி முழங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“இத குடுக்க முடியாதும்மா” என்றார்.

ஏன் என்று கேட்டேன். முடியாது என்றார். மருந்தின் பெயரையாவது சொல்லுங்கள் என்றேன். அதுவும் முடியாது என்றார். அட்டை இதோ இருக்கிறது, நோயாளி இதோ இருக்கிறாள், இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் முழங்கை ஒன்றுதான் என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் பாவமாக என்னைப் பார்த்து, “வேற எங்கயாச்சும் வலிக்குதா?” என்று கேட்டார். அம்மா அத்தனை நேரமும் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. கோபம்தான் நடத்திக்கொண்டு வந்திருக்க வேண்டும். என் முதலாளி கறிபாப் தின்றுகொண்டிருந்தார். சட்டத்தில் இதற்கு என்ன வழி என்று கேட்டேன். அவர் தின்றுகொண்டே சொன்னார். அட்டை என்கிற காகிதம் டாக்டருடையது. இது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் எழுதியிருப்பது நோயாளியின் உடம்பைப் பற்றியது, அதைத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு நியாயம் இருக்கிறது. இது பிடித்தது. அட்டையையே கொடு என்று மல்லுக்கு நிற்காமல், அதிலிருந்து ஒரு ரிப்போர்ட் எழுதிக்கொடு என்று கேட்பது நல்லது, எழுத்தில் கேட்க வேண்டும், நோயாளியின் சம்மதக் கையெழுத்தோடு. ஆஸ்பத்திரி டாக்டரையும் எழுதச் சொல், டாக்டர் கேட்டு டாக்டர் மறுப்பது அபூர்வம். அதற்கும் மசியாவிட்டால் டாக்டர்களை விசாரிக்கிற மன்றத்துக்குப் புகார் எழுதலாம். எல்லாவற்றுக்கும் கடைசியில் கோர்ட். அட்டையைக் கொண்டுவந்து காட்டு என்று கோர்ட் உத்தரவு போட முடியும், ஆனால் அதற்கு ஒரு வழக்கு வேண்டும், வழக்கு நடக்க வருடங்கள் வேண்டும்.

“அதுக்குள்ள உங்கம்மா வயித்துல இருக்கிற கல்லு பேரன் பேத்தி எடுத்துரும்” என்றார்.

உடனே டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தேன். என் முதல் கடிதத்தில் ‘இரக்கமற்ற’, ‘மனிதாபிமானத்துக்குப் புறம்பான’, ‘கல்நெஞ்ச’ என்றெல்லாம் இருந்தன. முதலாளி ஒவ்வொன்றாக அடித்தார். கல்லைப் பற்றிய கடிதத்தில் கல்நெஞ்சம் வேண்டாம் என்று அபிப்பிராயம் சொன்னார். மிச்சமிருந்தது ஒல்லியான, மரியாதையான ஒரு கடிதம். அம்மாவின் சம்மதக் கையெழுத்தையும் இணைத்தேன். அந்தக் கையெழுத்தைப் போட அம்மா ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்துக்கொண்டாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றன.

பதில் ஒற்றை வரியில் வந்தது. நோயாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எதையும் தர இயலாது.

சம்மதத்தைத்தான் இணைத்திருக்கிறோமே. மறுபடி எழுதினேன். இந்தத் தடவை அம்மாவின் அடையாள அட்டை நம்பர், பெருவிரல் ரேகை, என் கோபம் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். பதிலில் அதே வரி. ‘நோயாளியின்’ என்ற சொல்லுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். ஆஸ்பத்திரி டாக்டரும் எழுதிப் பார்த்தார். அவருக்கும் அதே வரி, அதே கோடு. இதற்கிடையில் அம்மாவுக்கு ஒரு தடவை வலி வந்து, கம்பத்து வீட்டில் தரையோடு தரையாகச் சுருண்டு கிடந்திருக்கிறாள். பக்கத்து வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியபிறகுதான் எனக்குத் தெரியும். மன்றத்துக்கான புகாரை அன்றே டைப் செய்தேன். கல்நெஞ்சத்தை மறுபடியும் சேர்த்திருந்தேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் முதலாளி டாக்டரின் பதில்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படித்தார். அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“இந்த மனுசன் மறுக்கல. சொல்லக்கூடாத ஒண்ண சொல்லாம சொல்றாரு” என்றார். “போயி உங்கம்மாகிட்ட அது யாரோட அட்டைன்னு கேளு.”

“அவங்களோடதுதான் சார். அவங்கதான் நம்பரே சொன்னாங்க.”

“நம்பர் சொன்னாங்க. பேரு சொன்னாங்களா?”

நான் அன்று மத்தியானமே பஸ் ஏறினேன். அம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டேன். தலையைத் தூக்காமலே, “உங்க அத்தை அட்டை” என்றாள், நெத்திலி என்ன விலை என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

“இத ஏம்மா மொதல்லயே சொல்லல?”

“நீ எங்க கேட்ட? வந்ததுலேருந்து கோர்ட்டு கேசுன்னு குதிச்சிக்கிட்டு இருந்த. நீ படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்.”

கண்ட்ராக்ட் கூலிகளுக்குத் தோட்டத்துக் கிளினிக் கிடையாது. தோட்டத்தின் சொந்த ஆட்களுக்கு உண்டு. அதனால் கண்ட்ராக்டரிடம் வேலை செய்த பெண்கள் எல்லாரும் அக்காளோ நாத்தனாளோ கொழுந்தியாளோ, யாராவது ஒரு சொந்தக்காரியின் அட்டையில் மருந்து வாங்கினார்கள். டிரெசருக்கு எல்லாம் தெரியும். வருகிறவளிடம் பெயர் கேட்கமாட்டார், “யார் நம்பரு?” என்றுதான் கேட்பார். ஆளைப் பார்த்து மருந்து கொடுப்பார், அட்டையைப் பார்த்து எழுதுவார். இதை ஏமாற்று என்று யாரும் நினைக்கவில்லை. மழைக்கு ஒதுங்கியவளுக்குக் குடையில் இடம் கொடுப்பதுபோல இதுவும் ஒன்று. அம்மாவுக்குத் தன் அடையாள அட்டை நம்பர் மனப்பாடம் கிடையாது, அத்தையின் வேலை நம்பர் மனப்பாடம். அந்த அட்டையை அவள் ‘என் அட்டை’ என்றே சொல்லிவந்தாள், மனசறிந்து பொய் சொல்லவில்லை. “ஒனக்கும் அதுலதான் வாங்குனேன்” என்றும் சொன்னாள்.

பிறகு நெத்திலியைக் கீழே வைத்துவிட்டு, நான் கேட்காத ஒன்றையும் சொன்னாள். அம்மாவுக்கு அந்த வருடங்களில் மூச்சிரைப்பு இருந்தது. புல்லுக்கு அடிக்கிற மருந்து செய்த வேலை. ஒவ்வொரு இரைப்பும் அத்தையின் அட்டையில் ஏறியது. ஒரு நாள் மேற்பார்வைக்கு வந்த டாக்டர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு இவ்வளவு இரைப்பு, விடியற்காலைப் பனியில் மரத்துக்கு அனுப்பக்கூடாது என்று ஆபீசுக்கு எழுதிவிட்டார். அத்தையை மரத்திலிருந்து எடுத்து, கூலி குறைந்த வெளிக்காட்டு வேலைக்கு, புல் பிடுங்க அனுப்பிவிட்டார்கள். அது என் இரைப்பு இல்லை என்று அத்தை சொன்னால் டிரெசருக்கு வேலை போகும், அம்மாவுக்கு மருந்து போகும். அத்தை வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடமும் அதற்குப்பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆடு வந்தது அதற்கு அடுத்த வாரம்தான். பாவம் அந்த ஆடு. இத்தனை வருடமாக அதன்மேல் பழியைப் போட்டிருந்தோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் அத்தை மாதிரி பட்டையை மெலிசாகச் சீவ ஆளில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வது ஞாபகம் வந்தது. அம்மா நெத்திலியை எடுத்து மறுபடியும் கிள்ளத் தொடங்கினாள்.

அத்தை வீட்டுக்குப் போனேன். அந்தக் குற்றவாளி ஆட்டின் வாரிசுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருவத்தின் மேல் ஒரு பழைய தையல் வடு உண்டு. ரப்பர் கிளை முறிந்து விழுந்த காயம் என்று சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லியிருந்தாள். கல், ஆபரேஷன், அட்டை, என் கடிதங்கள் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மருந்து அம்மாவுக்கு ஆகாமல் போய் அது அத்தையின் அட்டையில் எழுதப்பட்டிருக்கிறது என்று நான் சொன்னதும், தழையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அதான் எனக்கு ஊசியே போடமாட்டேன்னானுங்களா?”

விஷயம் இதுதான். எங்கள் தோட்டத்தில் ஊசி போட்டால்தான் வைத்தியம். மாத்திரை கொடுத்து அனுப்பினால் ஆளை மதிக்கவில்லை என்று அர்த்தம். அக்கம்பக்கத்தில் ஒரு தும்மலுக்கெல்லாம் ஊசி வாங்கிக்கொண்டு பெருமையாக இடுப்பைத் தடவிக்கொண்டு வந்தார்கள். அத்தை காய்ச்சலில் கொதித்தாலும் மாத்திரைதான். டாக்டரே வந்து பார்த்தாலும் அதே மாத்திரை. அந்த அட்டையில் ஊசி என்று எழுதினால் டாக்டர் கேள்வி கேட்பார் என்று டிரெசர் பயந்திருக்க வேண்டும். தன்மேல் எல்லாருக்கும் ஏதோ வன்மம் என்றே அவள் நம்பியிருந்தாள்.

சம்மதம் தருவதற்கு அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். “உங்கம்மா வரணும். டாக்டர் அதுல உள்ளத ஒண்ணு விடாம படிக்கணும். எது எனக்கு வந்தது, எது அவளுக்கு வந்தது, எது ஒனக்கு வந்ததுன்னு பிரிச்சிறணும். பொறவு கைநாட்டு வைக்கிறேன்.”

நிலத்துக்கும் வீட்டுக்கும் நான் எத்தனையோ பாகப்பிரிவினைப் பத்திரம் டைப் செய்திருக்கிறேன். காய்ச்சலுக்கும் பேதிக்கும் பாகப்பிரிவினை கேட்டது அத்தை ஒருத்திதான். அம்மாவிடம் வந்து சொன்னபோது, அவ முன்னால் போய் நிற்கிறதுக்குக் கல்லோடவே இருந்துவிடுகிறேன் என்றாள். அன்றிரவு வலி மறுபடி வந்தது. காலையில் அவளே சேலை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள்.

பஸ்ஸில் அம்மா ஒரு வரிசையில், அத்தை அதற்கு முன் வரிசையில், நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. தூசி வருகிறது, ஜன்னலைச் சாத்தச் சொல் என்று அம்மா என்னிடம் சொல்வாள். காற்று வேண்டியிருக்கிறது என்று சொல் என்று அத்தை என்னிடம் சொல்வாள். இரண்டு பேருக்கும் எல்லாம் நன்றாகக் காதில் விழும். இருந்தாலும் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் சேர்த்துக்கொண்டே சிரம்பான் வந்து சேர்ந்தேன்.

அத்தையைப் பார்த்ததும் டாக்டரின் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி. “இப்பதான் சரி லா” என்றார். “யாரு அட்டையோ அவங்க வரணும். இன்னொருத்தவங்க ஒடம்ப நான் எப்படித் தூக்கி இவங்ககிட்ட குடுக்கிறது? யாரோட அட்டைன்னுகூட நான் சொல்லக்கூடாது.” நோயாளியின் உரிமைக்காக நான் இத்தனை கடிதம் எழுதியிருந்தேன். அவர் இத்தனை நாளும் காப்பாற்றிக்கொண்டிருந்ததும் ஒரு நோயாளியின் உரிமையைத்தான், அதுவும் என் சொந்த அத்தையுடையதை, என்னிடமிருந்து. பையில் இருந்த புகாரை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

அந்த அட்டையில் தனக்கும் பல நாள் சந்தேகம் இருந்தது என்றார். “நாப்பது வயசுல இந்தம்மாவுக்குப் பால்பல்லு விழுந்திருக்கு. டிரெசரு புடுங்கியிருக்காரு.” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் நாக்கு தானாக அந்தப் பல் இருந்த இடத்தைத் தேடிப் போயிற்று.

பாகப்பிரிவினை தொடங்கியது. டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். பூரான் கடி அத்தைக்குப் போயிற்று. மணல்வாரி எனக்கு. கண்வலி அத்தைக்கும் அம்மாவுக்கும் பாதிப் பாதி. சொறிக்கு இரண்டு பேருமே உரிமை கோரவில்லை. கொஞ்ச நேரம் இழுபறியாக இருந்து, கடைசியில் அது என் பங்கில் விழுந்தது. நான் ஆட்சேபித்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

மூச்சிரைப்பு வந்தபோது டாக்டர் படிப்பதை நிறுத்தினார். “இது எல்லாமே இவங்களுதா?” என்று அம்மாவைக் காட்டி அத்தையிடம் கேட்டார். ஆமாம் என்றாள் அத்தை. உங்களுக்கு இரைப்பே இல்லையா என்றார். இல்லை என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “மரத்துலேருந்து ஒங்கள எடுக்கச் சொன்னது நான்தான்” என்றார். தெரியும் என்றாள் அத்தை. வருத்தம் சொல்ல அவருடைய தமிழில் சொல் இல்லை. அதனால் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பக்கத்தில் சிவப்பு மையில் இருந்தது. பெனிசிலின் ஊசி, முகம் வீக்கம், மூச்சுத் திணறல், இனி ஒருபோதும் போடக்கூடாது. இதுதான் ரொம்ப முக்கியம், தப்பாகப் பிரித்தால் ஆள் செத்துப்போகும், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

“அவளுக்குத்தான்” என்றாள் அத்தை. “நான்தான் கூட இருந்தேன். மூச்சு நின்னுபோச்சு. டிரெசரு சாப்பிடப் போயிருந்தாரு. இவளத் தோள்ல போட்டுக்கிட்டு அவரு வீட்டுக்கு ஓடுனேன்.”

எமன் வாசல் கதையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதில் அத்தை இருந்தது அன்றைக்குத்தான் தெரியும். அம்மாவைப் பார்த்தேன். அவள் மறுக்கவில்லை. டாக்டர் புதுத் தாளில் அம்மாவின் பெயரைப் போட்டு, மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தோடு முடிந்தது என்று நான் எழுந்தேன். ஒன்று விடாமல் என்று சொன்னேனே என்றாள் அத்தை. டாக்டர் பக்கத்தைத் திருப்பி, முழுதாகப் பார்க்காமலே படித்துவிட்டார்.

“கள்ளு குடிச்சிட்டு மோட்டுக்கானில விழுந்து, புருவத்துல தையலு.”

மோட்டுக்கான் என்றால் தோட்டத்தில் பெரிய சாக்கடைக் கால்வாய். கள்ளுக்கடை ஆண்களுக்கு மட்டும் திறந்திருக்கவில்லை, தோட்டத்தில் அது யாருக்கும் தெரியாததும் இல்லை. ஆனால் அத்தை என்னிடம் ரப்பர் கிளை என்று சொல்லியிருந்தாள். அவள் கை புருவத்துக்குப் போய், அங்கே போகக்கூடாது என்று ஞாபகம் வந்ததுபோலப் பாதியில் நின்றது. தலை குனிந்துவிட்டது. மரத்தை இழந்ததைச் சொன்னபோதுகூட அவள் குனியவில்லை.

என் அம்மா வெள்ளிக்கிழமை விரதக்காரி. கள்ளுக்கடை இருக்கும் பக்கமாக வந்தால் சாலையைத் தாண்டி மறுபக்கம் போய் நடப்பவள். அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“அது நான்தான் டாக்டர்” என்றாள். “எம்பேர்ல எழுதிக்குங்க.”

டாக்டர் அம்மாவின் புருவத்தைப் பார்த்தார். தழும்பு எதுவும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. அத்தையின் புருவத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அம்மாவின் தாளில் ஒரு வரியை எழுதினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அத்தை அட்டையில் கைநாட்டு வைத்தாள். வைத்துவிட்டு, இப்போதாவது எனக்கு ஒரு ஊசி போடுவீர்களா என்று டாக்டரிடம் கேட்டாள். எங்க வலிக்குது என்றார் அவர். எங்கேயும் வலிக்கவில்லை, பாக்கி இருக்கிறது என்றாள். டாக்டர் ஒரு சத்து ஊசி போட்டார். அத்தை வெளியே வரும்போது இடுப்பைத் தடவிக்கொண்டே வந்தாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தியது அவள்தான், யாரும் சொல்லாமலே.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டிலில் தொங்கிய அட்டையில், அம்மாவின் சொந்த அட்டையில், அந்த மருந்தின் பெயர் சிவப்பில் இருந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று அந்தச் சின்ன வயது டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு நீளமாகப் புத்தி சொன்னார். வயதான காலத்தில் இது ஆகாது, விழுந்து எழுந்ததெல்லாம் போதும், உடம்பு தாங்காது என்றார். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். அம்மா விரதக்காரியின் முகத்தோடு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“இனிமே கள்ளு பக்கமே போகக்கூடாதும்மா.”

“போகமாட்டேன் டாக்டர்” என்றாள் அம்மா.

கட்டிலுக்கு மறுபக்கம் அத்தை நின்றிருந்தாள். பிளாஸ்கிலிருந்து மைலோவை மூடியில் ஊற்றி, ஆற்றி, அம்மாவின் கையில் கொடுத்தாள். பிறகு டாக்டரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

“நான் பாத்துக்கறேன் டாக்டர்.”